பிக்கப் டிரக்கில் பெட்ரோல் ஆவிக் கசிவு: வீட்டிலேயே பார்ப்பதா, ஒர்க்‌ஷாப்பில் விடுவதா?

செக் என்ஜின் விளக்கு எரிகிறது. வண்டியோ எப்போதும்போல ஓடுகிறது. இழுவை குறையவில்லை, புதிதாகச் சத்தம் எதுவும் இல்லை. ஸ்கேனரைச் செருகினால் பி0442, பி0455, பி0456 என்று ஏதோ ஓர் எண் வருகிறது. டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் அமைப்பில் எங்கோ கசிவு என்று பொருள். இதற்கு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்: மூடியை மாற்று, வால்வை மாற்று, எண்ணை அழித்துவிட்டு ஓட்டு, ஒர்க்‌ஷாப்பில் கொடு, எல்லாவற்றையும் கழற்றிப் போடு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பழுதில் பொருளின் விலை பெரும்பாலும் குறைவு. ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் செலவு. எனவே காசில்லாமல் செய்யக்கூடிய சோதனைகளை வீட்டில் செய்யுங்கள். அதில் பிடிபடாவிட்டால் புகைச் சோதனைக்கு (அமைப்புக்குள் புகை விட்டு, எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பது) மட்டும் ஒர்க்‌ஷாப்புக்குப் பணம் கொடுங்கள். இடம் தெரிந்தபின் வேலையை நீங்களே செய்துகொள்ளலாம். ஊகித்துப் பொருள் வாங்கி மாட்டுவது மலிவுபோலத் தெரியும். கடைசியில் கணக்குப் பார்த்தால் அதுதான் கையைக் கடிக்கும்.

இதெல்லாம் பெட்ரோல் வண்டிக்கான பேச்சு. டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாகாது. டீசல் டிரக்கில் இந்த அமைப்பே இருக்காது.

அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் சோதனைகள் எல்லாம் தானாகப் புரியும். டேங்கின் ஆவி ஒரு குழாய் வழியே கேனிஸ்டருக்குப் போகிறது. கேனிஸ்டர் என்பது ஆவியை உறிஞ்சும் கரிக்குருணை நிரப்பிய பிளாஸ்டிக் டப்பா. வண்டி நிற்கும்போது கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என்ஜின் சூடாகி ஓடும்போது பர்ஜ் வால்வு விட்டுவிட்டுத் திறக்கும். தேங்கிய ஆவி என்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துவிடும். கேனிஸ்டரின் இன்னொரு பக்கத்தில் வென்ட் வால்வு இருக்கிறது. வெளிக்காற்று வந்துபோக அதுதான் வழி. கசிவைச் சோதிக்க வேண்டிய நேரத்தில் வண்டியின் கம்ப்யூட்டர் வென்ட்டை மூடி, பர்ஜைத் திறந்து, உள்ளே லேசான வெற்றிடம் உண்டாக்கும். பிறகு பர்ஜையும் மூடிவிட்டு, அந்த வெற்றிடம் நிற்கிறதா என்று டேங்கிலுள்ள அழுத்த சென்சாரைக் கொண்டு பார்க்கும். நிற்கவில்லை என்றால் விளக்கு.

அமெரிக்காவில் 1996 முதல் எல்லா கார்களுக்கும் சிறு டிரக்குகளுக்கும் கட்டாயமான ஓ.பி.டி. (வண்டி தன் பழுதைத் தானே கண்டறிந்து எண்ணாகச் சொல்லும் முறை) இரண்டாம் தலைமுறை விதிகளிலிருந்து வந்தவை இந்த எண்கள். முதலில் சுமார் 1 மில்லிமீட்டர் ஓட்டையைக் கண்டுபிடித்தால் போதும் என்றிருந்தது. 2000 வாக்கிலிருந்து அது படிப்படியாக அரை மில்லிமீட்டராக இறங்கியது. பி0442 அந்த ஒரு மில்லிமீட்டர் ரகம், பி0456 அரை மில்லிமீட்டர் ரகம், பி0455 பெரிய கசிவு. அரை மில்லிமீட்டர் ஓட்டையை டேங்கின் மேல்பக்கத்தில், சேறு படிந்த ஓஸ்களுக்கு நடுவே, கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. செலவு கண்டுபிடிப்பதில்தான் என்று சொன்னது இதனால்தான்.

அப்படியே ஓட்டினால் என்ன?

இதையும் ஒரு வழியாகவே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். சிறு கசிவால் என்ஜினுக்குக் கெடுதல் இல்லை. நடுவழியில் வண்டி நின்றுவிடாது. கையில் காசு வரும்வரை சில வாரம் தள்ளிப்போடுவதில் பெரிய தப்பில்லை. ஆனால் சில நிலைகளில் தள்ளிப்போடவே கூடாது. வண்டியைச் சுற்றிப் பெட்ரோல் வாசனை அடித்தால் அது ஆவியோடு நிற்கும் பழுதா, திரவமே ஒழுகுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய ஷெட்டில் தரையோடு தேங்கி நிற்கும். பெட்ரோல் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் மக்கர் பண்ணுகிறது, ஐடிலிங்கில் நடுங்குகிறது என்றால் பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஆவி கணக்கில்லாமல் என்ஜினுக்குள் போகிறது.

எனக்கு இன்னும் பெரிதாகப் படும் காரணம் வேறு. அந்த ஒரே விளக்குதான் எல்லாப் பழுதுக்கும். ஆவிக் கசிவுக்காக எரிவது பழகிப்போய்விட்டால், நாளைக்கு ஆக்சிஜன் சென்சார் போனாலும் அதே விளக்கு, அதே வெளிச்சம்; தெரியவே தெரியாது. விளக்கோடு ஓட்டுவது என்று முடிவெடுத்தால் ஒரு சின்ன ஸ்கேனரை வாங்கி வைத்துக்கொண்டு அவ்வப்போது எண்களைப் பாருங்கள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது என்ஜினே சரியாக எரியாத வேறு பழுது; தள்ளிப்போடக்கூடாது. அப்புறம், வெளியே போகும் ஆவி சும்மா போவதில்லை. அது வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனாக மாறுகிறது. அதில் பென்சீனும் உண்டு. அந்தக் காற்றைத்தான் நாமும் நம் பிள்ளைகளும் மூச்சில் இழுக்கிறோம். பழுதைப் பார்க்க இதுவே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

எண்ணை மட்டும் அழிப்பது எதையும் சரிசெய்வதில்லை. அடுத்தடுத்த இரண்டு சோதனைகளில் தோற்றதும் விளக்கு திரும்ப வரும். வண்டி வெளிவிடும் மாசை அளக்கும் கட்டாயப் பரிசோதனைக்குப் போகும் நாளில் அழித்துவிட்டுப் போனால் இன்னும் மோசம்: வண்டியின் உள்சோதனைகள் எல்லாமே ‘முடியவில்லை’ என்ற நிலைக்குப் போய்விடும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் 2001-லும் அதற்குப் பிறகும் வந்த மாடல் வண்டியில் ஒரு சோதனை முடியாமலிருந்தால் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடும்.

மூடி, பிறகு இரண்டு வால்வுகள்

பெட்ரோல் மூடியிலிருந்து தொடங்கச் சொல்வது சரியான யோசனைதான். ஆனால் முதல் வேலை புதுசு வாங்குவதல்ல, இருப்பதைக் கழற்றிப் பார்ப்பது. ரப்பர் வளையத்தை விரலால் மடக்கிப் பாருங்கள். நுணுக்கமான வெடிப்பு இருந்தால் மடக்கும்போது வாய் திறக்கும். அது உட்காரும் உலோக விளிம்பையும் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கே துரு பிடித்துப் புள்ளிபுள்ளியாக அரித்திருந்தால் எத்தனை புது மூடி வாங்கினாலும் கசியும். இரண்டும் நன்றாக இருந்தால் சுத்தம் செய்து, கிளிக் சத்தம் வரும்வரை முறுக்கி மூடுங்கள். மரை பொருந்துகிறது என்பதற்காக வேறு வண்டி மூடியைப் போடவேண்டாம். மரை பொருந்தும், வளையம் பொருந்தாது. மூடியே இல்லாமல் உள்மடல் வைத்த வண்டிகளில் அந்த மடலின் ஓரத்தில் மண் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்தது பர்ஜ் வால்வு. இது பெரும்பாலும் என்ஜின் மேலேயே, இன்டேக் பக்கத்தில் இருக்கும், கை எட்டும். கரண்ட் இல்லாதபோது இது மூடியிருக்க வேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விட்டு, கேனிஸ்டரிலிருந்து வரும் ஓஸை வால்விலிருந்து கழற்றி அந்த வாயில் விரலை வையுங்கள். விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் வால்வு மூடவில்லை. என்ஜின் சூடானபின் விட்டுவிட்டு இழுப்பது இயல்பு, அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பி0496 (வேண்டாத நேரத்திலும் ஆவி இழுக்கப்படுகிறது) என்ற எண்ணோடு இந்தச் சோதனையும் ஒத்துப்போனால் வால்வைத் தயங்காமல் மாற்றலாம். பத்துப் பதினைந்து நிமிட வேலை.

மாற்றுவதற்கு முன் ஒரு காரியம். கழற்றிய பழைய வால்வின் கேனிஸ்டர் பக்கத்து வாயை வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்துத் தட்டுங்கள். கறுப்பாக மிளகுத்தூள்போல ஏதாவது கொட்டினால் அது கேனிஸ்டரின் கரி. உள்ளே குருணை உடைந்து ஓஸ் வழியாக வந்திருக்கிறது. இந்த நிலையில் வால்வை மட்டும் மாற்றினால் புதுசிலும் அதே கரி போய்ச் சிக்கும். கேனிஸ்டரை மாற்றி, ஓஸை ஊதிச் சுத்தம் செய்து, அதன்பிறகுதான் வால்வு. டேங்க் நிறைந்து பெட்ரோல் பங்க்கின் துப்பாக்கி நின்றபிறகும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அடைக்கும் பழக்கம் கேனிஸ்டரைக் கெடுக்கும் முக்கியமான காரணங்களில் ஒன்று. ஆவி போகவேண்டிய குழாயில் திரவப் பெட்ரோல் போய்க் கரியை ஊறவைத்துவிடும்.

வென்ட் வால்வு இதற்கு நேர்மாறு. கரண்ட் இல்லாதபோது திறந்திருக்க வேண்டும். 12 வோல்ட் கொடுத்தால் டக்கென்று மூட வேண்டும். கழற்றி வாயால் ஊதினாலே பாதி விடை கிடைத்துவிடும் (பெட்ரோல் பக்கம் ஊதுவதற்கு ஒரு துண்டு சுத்தமான குழாயைச் செருகிக்கொள்ளுங்கள்). டிரக்கில் இது பின்பக்கம், கேனிஸ்டர் அருகே, பின்சக்கரம் வாரியடிக்கும் தூசுக்கும் சேற்றுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். மண்சாலையில் ஓடும் வண்டியில் முதலில் சாவது இதுதான். உள்ளே மண்ணும் சிலந்திக்கூடும் இருப்பது சாதாரணம். ஊதிச் சுத்தம் செய்தால் சில நாள் வேலை செய்யும். ஆனால் வால்வின் இருக்கையில் துரு ஏறிவிட்டால் சுத்தம் செய்வது வீண் வேலை. மாற்றுங்கள், முடிந்தால் காற்று நுழையும் வாயைக் குழாய் போட்டு உயரமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். பெட்ரோல் போடும்போது துப்பாக்கி திரும்பத்திரும்ப டக் டக்கென்று நின்றுவிடுகிறது என்றால் வென்ட் அல்லது கேனிஸ்டர் அடைத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். வென்ட்டின் மின்சுற்றைக் குறிக்கும் பி0446, பி0449 இரண்டும் வந்தால் வால்வை மாற்றுமுன் கனெக்டரைப் பாருங்கள். பச்சை பூத்த முனைகள்தான் பல இடங்களில் குற்றவாளி.

எல்லா டிரக்கும் இதே அமைப்பு அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டொயோட்டாவின் பல வண்டிகளில் கேனிஸ்டரோடு சேர்ந்த ஒரு சிறு பம்ப் உண்டு. வண்டியை நிறுத்தி ஐந்து மணி நேரம்போல ஆனபிறகு தானாகச் சோதித்துக்கொள்ளும். அங்கே பம்பும் கேனிஸ்டரும் ஒரே தொகுதியாக வருவதால் விலை அதிகம். ஊகித்து வாங்கினால் அடி பலமாக விழும். கிரைஸ்லர், டாட்ஜ் வண்டிகள் பலவற்றில் வென்ட் வால்வுக்குப் பதிலாக வேறு வகைக் கசிவுச் சாதனம் இருக்கும். பொருள் வாங்குமுன் உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

புகையை வீட்டில் போடுவதா?

மூடி, இரண்டு வால்வு, கண்ணுக்குத் தெரியும் ஓஸ்கள் எல்லாம் சரி. விளக்கு மட்டும் போகவில்லை. இங்கேதான் முடிவு கடினமாகிறது.

கைப்பம்பும் மானியும் சேர்ந்த வெற்றிடப் பம்ப் ஒன்றை வாங்குவது முதல் வழி. ஒவ்வோர் ஓஸையும் இரு முனையும் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் வெற்றிடம் ஏற்றி ஒரு நிமிடம் முள் நிற்கிறதா என்று பார்க்கலாம். மெதுவான வேலைதான், ஆனால் பாதுகாப்பானது. பிரேக் வேலைக்கும் அந்தப் பம்ப் பயன்படும். என் முதல் ஓட்டு இதற்குத்தான். குறை என்னவென்றால் டேங்கின் மேல்மூடி, நிரப்புக்குழாயின் மேற்பகுதி போன்ற இடங்களை இப்படித் தனியாகச் சோதிக்க முடியாது.

இரண்டாவது, பெயிண்ட் டப்பாவில் எண்ணெய் ஊற்றி, சூடாகும் கம்பியை உள்ளே விட்டு, கம்ப்ரசர் காற்றைக் கொடுத்துப் புகை செய்யும் வீட்டுக் கருவி. செலவு மிகக் குறைவு, செய்யவும் எளிது; இன்டேக் பக்கத்துக் கசிவைத் தேட அதைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பெட்ரோல் டேங்கோடு அதை இணைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். காற்றில் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை பெட்ரோல் ஆவி இருந்தால்தான் அது தீப்பிடிக்கும். டேங்குக்குள் சாதாரணமாக ஆவி அதைவிட மிக அடர்த்தியாக இருப்பதால் எரியாது. அதற்குள் காற்றை ஊதுவது என்பது எரியாத கலவையை எரியும் கலவையாக மாற்றுவது; அதுவும் மறுமுனையில் பழுக்கச் சூடான கம்பியை வைத்துக்கொண்டு. ஒர்க்‌ஷாப்பில் டேங்குக்குப் புகை விடும்போது நைட்ரஜன் போன்ற எரியாத வாயுவைப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். இன்னொரு சிக்கல் அழுத்தம். இந்த அமைப்பைச் சோதிக்க அரை பி.எஸ்.ஐ. அளவு போதும். டயருக்குக் காற்றடிக்கும் அழுத்தம் அதைப்போல அறுபது மடங்குக்கு மேல். கை கொஞ்சம் தவறினால் அழுத்த சென்சாரும் சீல்களும் போய்விடும். ஒரு கசிவைத் தேடிப்போய் மூன்று கசிவோடு வரவேண்டியதுதான்.

ஆகவே மூன்றாவது வழி: புகைச் சோதனையை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் செய்துகொள்வது. “கண்டுபிடித்துச் சொல்லுங்கள், வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று முன்கூட்டியே பேசிவிட வேண்டும். சில இடங்களில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்ளும் இடத்தைத் தேடிப் போகலாம். புகை வரும் இடத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள், அல்லது போனில் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரே ஓட்டையோடு நிறுத்தாமல் மொத்த அமைப்பையும் பார்க்கச் சொல்வது முக்கியம். பழைய வண்டியில் பெரிய ஓட்டைக்குப் பின்னால் சின்ன ஓட்டை ஒளிந்திருக்கும். இந்தக் கட்டணம் பல வண்டிகளில் ஒரு கேனிஸ்டரை ஊகித்து வாங்குவதைவிடக் குறைவாகவே முடியும்.

மொத்த வேலையையும் ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுப்பது எப்போது சரி? டேங்கை இறக்க வேண்டிய வேலையாக இருந்து, உங்களிடம் வண்டியைத் தாங்கும் உறுதியான ஸ்டாண்டுகளும் கூட ஓர் ஆளும் இல்லையென்றால் கொடுத்துவிடுங்கள். ஆனால் பிக்கப்பில் ஒரு வசதி உண்டு. டேங்கை இறக்குவதற்குப் பதிலாகச் சுமைப்பெட்டியைத் தூக்கலாம். ஆறு அல்லது எட்டு போல்ட், நிரப்புக்குழாயின் திருகுகள், பின்விளக்கு ஒயர். நாலு பேர் சேர்ந்தால் பெட்டி கீழே வந்துவிடும். டேங்கின் மேல்பக்கம் முழுவதும் கண்ணெதிரே இருக்கும். பல டிரக்குகளில் கேனிஸ்டரை எட்டுவதற்கு அதுகூட வேண்டாம், ஸ்டெப்னியை இறக்கினாலே போதும்.

பொருளில் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பதற்கு என் கணக்கு இது. மூடியிலும் வால்விலும் மிச்சம் பிடிக்காதீர்கள். கம்பெனிப் பொருள் அல்லது கம்பெனிக்கே செய்துதரும் தயாரிப்பாளரின் பொருள் வாங்குங்கள். மலிவான பர்ஜ் வால்வு புதிதிலேயே முழுசாக மூடாமல் இருப்பது உண்டு, வாங்கியதும் ஊதிப் பாருங்கள். ஓஸில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். பெட்ரோலுக்கென்று குறிப்பிட்ட ரப்பர் ஓஸை மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிப் போடலாம். தண்ணீர் ஓஸ் மட்டும் வேண்டாம், அது ஊறி இளகிவிடும். நிரப்புக்குழாய் துருவேறி ஓட்டையாகிவிட்டால் பழைய வண்டி உடைக்கும் இடத்தில் நல்லதாகப் பார்த்து எடுக்கலாம். எப்பாக்சி பூசினால் கொஞ்ச காலம் நிற்கும், ஆனால் துரு அடியில் பரவிக்கொண்டே போகும். வெல்டிங் என்ற பேச்சே கூடாது. பழைய கேனிஸ்டரும் வேண்டாம்; அதன் கரி எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை.

அமைப்பையே கழற்றிவிட்டு ஓஸை அடைப்பது, வால்வுக்குப் பதில் ரெசிஸ்டர் வைத்துக் கம்ப்யூட்டரை ஏமாற்றுவது என்றும் சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் இது தூய காற்றுச் சட்டப்படி குற்றம். வேறு பல நாடுகளிலும் பரிசோதனையில் தேறாது. சட்டத்தை விடுங்கள், ஆவி போக வழியில்லாத டேங்க் அழுத்தம் ஏறி வீங்கும், அல்லது வெற்றிடத்தில் உள்வாங்கும். இதை நான் ஒரு வழியாகவே சேர்க்கவில்லை.

எந்த வழியில் போனாலும் வேலை திறந்த வெளியில், என்ஜின் ஆறியபிறகு, டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது நடக்கட்டும். அடியில் போகுமுன் ஸ்டாண்ட் வைத்திருக்க வேண்டும், ஜாக்கை மட்டும் நம்பக்கூடாது.

வேலை முடிந்ததும் விளக்கு உடனே அணையாது. பெரும்பாலான வண்டிகள் டேங்க் ஏறக்குறைய 15 முதல் 85 விழுக்காடு வரை நிரம்பியிருந்தால்தான் இந்தச் சோதனையையே ஓட்டும். பல மணி நேரம் நின்று குளிர்ந்த என்ஜினும் அதற்கு வேண்டும், கடும் வெயிலிலும் கடுங்குளிரிலும் தள்ளிப்போட்டுவிடும். ஆகவே அரை டேங்க் வைத்துக்கொண்டு இரவு நிறுத்தி, காலையில் எடுத்து வழக்கம்போல ஓட்டுங்கள். தொடர்ந்து மூன்று சோதனைகள் தேறினால் விளக்கு தானாகவே போய்விடும். மூடியை மாற்றிய மறுநாளும் விளக்கு எரிகிறது என்று அடுத்த பொருள் வாங்கக் கிளம்ப வேண்டாம். அதற்குப் பதில் ஸ்கேனரில் ‘நிலுவையில் உள்ள’ எண்களைப் பாருங்கள். பி0455 இருந்த இடத்தில் இப்போது பி0456 வந்திருந்தால் பெரிய ஓட்டை அடைபட்டுவிட்டது, சின்னது ஒன்று மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். புகைச் சோதனைக்குப் பணம் கொடுக்க அதுதான் சரியான நேரம்.